கேஸா, போர்டா, சென்சாரா? – ஏசி பழுது பற்றிய வாசகர் கேள்வி பதில்

கோடை தொடங்கியதிலிருந்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, ஸ்பிலிட் ஏசியின் வெப்பநிலை சென்சாரைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. கடிதம் எழுதியவர்களில் பலருக்குப் பழுது சென்சாரில் இருக்கிறது என்பதே தெரியவில்லை. ஆகவே அவற்றிலிருந்து ஐந்தைச் சுருக்கி, ஒரே இடத்தில் விடையளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ஓடுகிறது. கோடைக்கு முன்பு வழக்கம்போல் வாட்டர் சர்வீஸ் செய்தோம். அதன் பிறகு 24-இல் வைத்தால் முதலில் நல்ல குளிர்ந்த காற்று வருகிறது. கால் மணி நேரத்துக்குள் வெளியே உள்ள யூனிட் ஓய்ந்துவிடுகிறது, அறை புழுங்குகிறது. 18-இல் வைத்தால் ஓரளவு குளிர்கிறது. பிழைக் குறி எதுவும் வரவில்லை. ஒரு மெக்கானிக் கேஸ் குறைந்துவிட்டது என்று நிரப்பிவிட்டுப் போனார். மாற்றம் ஒன்றும் இல்லை. அடுத்து வந்தவர் போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார். யாரை நம்புவது, ஐயா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம், அம்மா. ஏசியை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டுக்குப் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய இடத்தை உங்கள் கடிதமே காட்டுகிறது.

கேஸ் குறைந்த ஏசியில் வீசும் காற்றே போதிய குளிர்ச்சி இல்லாமல் இருக்கும். அறை குளிராததால், வெளி யூனிட்டில் கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் ஏசியோ ஓடும்போது நன்றாகக் குளிர்விக்கிறது, ஆனால் வேலை முடியுமுன் ஓய்ந்துவிடுகிறது. அதைவிட முக்கியமான தடயம், 18-இல் வைத்தால் குளிர்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது. குளிர்விக்கும் திறன் இயந்திரத்தில் இருக்கிறது என்பதும், அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அதற்குக் கிடைக்கும் செய்திதான் தவறு என்பதும் இதிலிருந்து தெரிகின்றன. கேஸ் மிகவும் குறைந்து, உள் யூனிட்டில் காற்றைக் குளிர்விக்கும் குழாய்த் தொகுதியான காயிலின் ஒரு பகுதி மட்டும் உறைந்துபோய், அதனால் கம்ப்ரஸர் இடையில் நிற்கும் நிலையும் உண்டு. ஆனால் அப்போது 18-இல் வைப்பதால் எந்த நன்மையும் கிடைக்காது.

சுவரில் உள்ள யூனிட்டில் பொதுவாக இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று, அறைக்காற்று உள்ளே இழுக்கப்படும் வழியில், கூலிங் காயிலின் முன்பாக ஒரு சிறு பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டப்பட்ட ரூம் சென்சார். இது மிளகைவிடச் சற்றே பெரிய மணியாக இருக்கும். மற்றொன்று, செப்புக் குழாயோடு பற்றவைத்த சிறு உறைக்குள் செருகப்பட்டிருக்கும் காயில் சென்சார். வாட்டர் சர்வீஸின்போது கிளிப்பிலிருந்து ரூம் சென்சாரைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டாமல் காயிலின் மீதே தொங்கவிடுவது அடிக்கடி நடக்கும் கவனக்குறைவு. காயில், ஏசி ஓடும்போது பத்து டிகிரியை ஒட்டிய குளிரில் இருக்கும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சென்சார், அறை முழுவதும் அவ்வளவு குளிர்ந்துவிட்டதாகச் சொல்லும். போர்டும் அதை நம்பிக் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். சர்வீஸுக்குப் பிறகே பழுது தொடங்கியதால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். ரிமோட்டில் அணைத்தால் மட்டும் போதாது. அப்போதும் உள் யூனிட்டின் இணைப்புகளில் 230 வோல்ட் மின்சாரம் இருக்கக்கூடும். ஏசிக்கான எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிவிட்டு, முன்பக்க மூடியைத் தூக்கி, ஃபில்டரை எடுத்துப் பாருங்கள். மெல்லிய இரட்டை ஒயரின் நுனியில் இருக்கும் மணி, காயிலின் தகடுகளைத் தொடாமல் கிளிப்பில் தள்ளி நிற்க வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் கிளிப்பில் திரும்பப் பொருத்துங்கள். பழுது அத்துடன் தீர்ந்துவிடவும் கூடும்.

சென்சார் சரியான இடத்தில் இருந்தும் குறை நீடித்தால் அதை அளந்து பார்க்க வேண்டும். இந்தச் சென்சார்கள் யாவும் தெர்மிஸ்டர்கள். சூடு ஏற ஏற இவற்றின் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். மின்தடையை அளக்கும் அலகு ஓம். பரவலாகப் பயன்படும் 10 கிலோ ஓம் வகையை எடுத்துக்கொண்டால், 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 30 டிகிரியில் ஏறக்குறைய 8, 35 டிகிரியில் ஏறக்குறைய 6.5 என்று காட்டும். போர்டில் ஒரு நிலையான மின்தடையோடு இதைத் தொடராக இணைத்து, பெரும்பாலும் 5 வோல்ட் கொடுத்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள வோல்ட்டேஜைப் படித்துத்தான் போர்டில் உள்ள மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சில்லு வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. ஒயர் அறுந்தாலோ, இரு ஒயர்களும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டாலோ அந்த வோல்ட்டேஜ் அடிமட்டத்துக்கோ உச்சத்துக்கோ போய்விடும். எந்த அறையிலும் இருக்க முடியாத வெப்பநிலை அது என்பதால் திரையில் பிழைக் குறி எரியும்.

ஆனால் ஈரம் புகுந்தோ, மணியின் பூச்சு விரிசல் கண்டோ சென்சாரின் மதிப்பு கொஞ்சம் நகர்ந்துவிட்டால் எந்தக் குறியும் வராது. அறை உண்மையில் 30 டிகிரியில் இருக்கும்போது 8 கிலோ ஓம் காட்ட வேண்டிய சென்சார் 10.5 காட்டினால், போர்டு அதை 24 டிகிரி என்றே படிக்கும். நீங்கள் கேட்ட 24 கிடைத்துவிட்டதாக எண்ணி அது ஓய்ந்துவிடும், நீங்களோ 30 டிகிரியில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். முற்றிலும் செத்துப்போன சென்சாரைக் கண்டுபிடிப்பது எளிது. இப்படி அரைகுறையாகப் பிழைத்திருக்கும் சென்சார்தான் வீட்டுக்காரரையும் மெக்கானிக்கையும் ஒருசேர ஏமாற்றுகிறது, அந்த ஏமாற்றத்தின் பழி வழக்கமாகக் கேஸின் தலையில் விழுகிறது.

அடுத்து வருபவரிடம், சென்சாரின் இணைப்பை போர்டிலிருந்து கழற்றிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். இணைப்பு மாட்டியிருக்கும்போது அளந்தால் போர்டின் மின்தடையும் சேர்ந்து தவறான எண்ணைத் தரும். பக்கத்தில் ஒரு சாதாரண அறை வெப்பமானியை வைத்து இரண்டு எண்களையும் ஒப்பிட வேண்டும். பிறகு மணியை விரல்களுக்கிடையில் பிடித்தால் எண் தாவாமல் சீராக இறங்க வேண்டும். ஐயம் இருந்தால், மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சென்சாரைப் போட்டு, நிறைய ஐஸ் கட்டி மிதக்கும் நீரில் சிறிது நேரம் வைத்தால் 10 கிலோ ஓம் வகை 32 முதல் 34 கிலோ ஓம் வரை காட்டும். மல்டிமீட்டரை அப்போது 20 கிலோ ஓம் அளவிலேயே விட்டுவைத்தால் அது எண்ணே காட்டாது, சென்சார் அறுந்துவிட்டது என்று தவறாக முடிவுகட்டிவிடுவார்கள். 200 கிலோ ஓமுக்கு மாற்ற வேண்டும்.

கேஸைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏசியின் கேஸ் மூடிய சுற்றில் ஓடுவது. கசிவு இல்லாமல் அது ஆண்டுதோறும் குறைந்துகொண்டு போகாது. கசிவைத் தேடாமலும் எடை பார்க்காமலும் உங்கள் ஏசியில் கேஸ் சேர்த்திருப்பதால், இப்போது அளவுக்கு மேல் இருக்க வாய்ப்புண்டு. அது அழுத்தத்தையும் கம்ப்ரஸர் இழுக்கும் மின்னோட்டத்தையும் கூட்டும். எவ்வளவு கேஸ் இருக்க வேண்டும் என்பது வெளி யூனிட்டின் தகட்டிலேயே எடையாக அச்சிடப்பட்டிருக்கும். சென்சார் சரியான பிறகும் குளிர்ச்சியில் குறையோ, கம்ப்ரஸர் ஓட்டத்தில் திணறலோ தெரிந்தால், உள்ளதை முறையாக வெளியே எடுத்து, அந்த எடைக்குத் தராசில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள். பல ஏசிகளில் உள்ள ஆர்-32 என்னும் கேஸ் தீப்பற்றக்கூடிய தன்மை கொண்டது என்பதால், இந்த வேலையைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும்.

கேள்வி: எங்கள் ஏசி திரையில் ‘எஃப் 1’ என்று வந்தது. இணையத்தில் தேடினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருள் சொல்கிறார்கள். கடையில் கேட்டபோது, எல்லா ஏசிக்கும் பொருந்தும் என்று ஒரு 5 கே (5 கிலோ ஓம்) சென்சாரைத் தந்தார்கள். மாட்டியதும் குறி மறைந்துவிட்டது. ஆனால் இப்போது ஏசி நிற்பதே இல்லை. விடியற்காலையில் குளிரில் நடுங்குகிறோம்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எல்லா ஏசிக்கும் பொருந்தும் சென்சார் என்று ஒன்று இல்லை. ஒயரின் முனையில் உள்ள இணைப்பு பொருந்தலாம், மதிப்பு பொருந்த வேண்டுமே! சந்தையில் 5, 10, 15, 20 கிலோ ஓம் என்று பல வகைகள் உள்ளன; இந்த எண் 25 டிகிரியில் இருக்கும் மின்தடையைக் குறிப்பது. உங்கள் போர்டு 10 கிலோ ஓமை எதிர்பார்ப்பது என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 கிலோ ஓம் சென்சாரை மாட்டினால், அறை 22 டிகிரிக்கு இறங்கிய பிறகும் போர்டு அதை 38 டிகிரி என்று படிக்கும். 38 என்பது நம் ஊரில் நடக்கக்கூடிய வெப்பநிலைதான் என்பதால் அது பிழைக் குறி காட்டாது. கம்ப்ரஸரை முழு மூச்சில் ஓட்டிக்கொண்டே இருக்கும். மாறாக, 5 கிலோ ஓம் வேண்டிய இடத்தில் 10-ஐ மாட்டினால், 25 டிகிரி அறையை 10 டிகிரி என்று எண்ணிக் கம்ப்ரஸரைத் தொடங்கவே மறுத்துவிடும். ஆகவே குறி மறைந்ததைக் கொண்டு பழுது தீர்ந்தது என்று முடிவு செய்யாதீர்கள்.

குறிகளைப் பொறுத்தவரை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. கிரீ தயாரிப்புகளில் எஃப் 1 ரூம் சென்சாரையும் எஃப் 2 காயில் சென்சாரையும் குறிக்கும்; டைக்கினில் ரூம் சென்சாருக்கு சி 9, காயிலுக்கு சி 4; எல்ஜியில் உள் யூனிட்டின் காற்றுச் சென்சாருக்கு சிஎச் 01. ஒரு நிறுவனத்தின் குறிக்கு மற்றொரு நிறுவனத்தின் விளக்கத்தைப் படித்துவிட்டுப் பொருள் வாங்கப் போவதால்தான் இவ்வளவு குழப்பம். உங்கள் ஏசியோடு வந்த கையேட்டையோ, மாடல் எண்ணைச் சொல்லி நிறுவனத்தின் சேவை மையத்தையோ கேட்பதே சரி. ஒரே ஏசியில் இரண்டு சென்சார்களும் ஒரே மதிப்பில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை: கிரீயின் பல மாடல்களில் ரூம் சென்சார் 15 கிலோ ஓமும் காயில் சென்சார் 20 கிலோ ஓமுமாக இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிச் செருகிவிட்டால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

பழைய சென்சாரைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? அது முற்றிலும் அறுந்திருந்தால் உதவாது. ஆனால் ஒயர் மட்டும் முறிந்திருந்தால், மணியை ஒட்டிய இடத்தில் அளந்து அதன் மதிப்பைக் கண்டுபிடிக்கலாம். சில போர்டுகளில் சென்சார் இணைப்பின் அருகிலேயே மதிப்பு அச்சிடப்பட்டிருப்பதும் உண்டு. சரியான சென்சார் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் பொருள். இதில் மிச்சம் பிடிக்க நினைத்தால் மின்கட்டணத்தில் அதைவிட அதிகம் போய்விடும்.

கேள்வி: உள் யூனிட்டின் காயிலில் பனிக்கட்டி பிடித்து, பிறகு அது உருகிச் சுவரெல்லாம் நீர் வடிகிறது. காயில் சென்சார் கெட்டதுதான் காரணம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, தாம்பரம்

பதில்: பாதி உண்மை. பனிக்கட்டி உருவாவதற்கு வேறு காரணம் இருக்கும். அது வளர்வதைத் தடுக்கத் தவறியது வேண்டுமானால் காயில் சென்சாராக இருக்கலாம். காயிலின் வெப்பநிலை 0 டிகிரியை நெருங்கும்போது கம்ப்ரஸரை நிறுத்தியோ, வேகத்தைக் குறைத்தோ உறைதலைத் தவிர்ப்பதற்குத்தான் அது அங்கே இருக்கிறது.

முதலில் ஃபில்டரையும், அதன் பின்னுள்ள நீண்ட உருளை விசிறியையும் பாருங்கள். தூசி அடைத்துக் காற்றோட்டம் குறைந்திருந்தால் காயில் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக உறையும். காயிலின் ஒரு பக்கம் மட்டும் உறைந்து மற்ற பகுதி உலர்ந்திருந்தாலோ, வெளி யூனிட்டில் மெல்லிய குழாயின் மீது பனி படிந்திருந்தாலோ கேஸ் கசிவைச் சந்தேகிக்கலாம்; இங்கே அந்தக் குற்றச்சாட்டுக்கு நியாயம் உண்டு. இந்த இரண்டையும் சரிபார்த்த பிறகு, காயில் சென்சார் தன் செப்பு உறைக்குள் முழுவதுமாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறையிலிருந்து நழுவி வெளியே நிற்கும் சென்சார், காயிலின் குளிரை அறியாமல் காற்றின் வெப்பத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். காயில் கட்டியாகும் வரை போர்டுக்குச் செய்தியே போகாது. பனிக்கட்டியைக் கத்தியாலோ திருப்புளியாலோ குத்தி எடுக்காதீர்கள், காயிலில் துளை விழுந்துவிடும். விசிறியை மட்டும் ஓடவிட்டால் தானே உருகிவிடும்.

கேள்வி: வெளி யூனிட்டில் ஏதோ சென்சார் கெட்டுவிட்டது, மாற்றுச் சென்சார் கிடைக்கவில்லை என்று சொல்லி, மெக்கானிக் அதற்குப் பதிலாக ஒரு சிறிய ரெசிஸ்டரைச் செருகிவிட்டுப் போனார். ஏசி நன்றாகவே ஓடுகிறது. இப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: விடக் கூடாது. ரெசிஸ்டர் என்பது நிலையான மின்தடை; அதன் மதிப்பு சூட்டுக்கேற்ப மாறாது. அதைச் செருகிய இடத்தில் வெப்பநிலை என்றென்றும் ஒரே எண்ணாக நின்றுவிட்டதாகப் போர்டு நம்பிக்கொண்டிருக்கும். ரூம் சென்சாருக்குப் பதிலாகச் செருகினால் ஏசி நிற்காமல் ஓடும் அல்லது ஓடவே ஓடாது. அது தொல்லை என்ற அளவோடு போய்விடும். காயில் சென்சாருக்குப் பதிலாகச் செருகினால் உறைதலுக்குத் தடுப்பு இல்லை. இன்வெர்ட்டர் ஏசியின் வெளி யூனிட்டிலோ வெளிக்காற்று, வெப்பத்தை வெளியேற்றும் காயிலான கண்டென்சரின் குழாய், கம்ப்ரஸரிலிருந்து சூடான கேஸ் வெளியேறும் டிஸ்சார்ஜ் குழாய் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சென்சார்கள் உண்டு. கேஸ் கசிந்தாலோ, கண்டென்சர் அடைத்தாலோ டிஸ்சார்ஜ் குழாய் கடுமையாகச் சூடேறும். அதைக் கண்டு கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் அந்தச் சென்சார் தரும் செய்தியால்தான். அங்கே ரெசிஸ்டர் இருந்தால் கம்ப்ரஸரின் எண்ணெயும் சுருளும் கருகும் வரை எச்சரிக்கை ஏதும் வராது. ஏசியிலேயே விலை உயர்ந்த உறுப்பைச் சில நாள் வசதிக்காகப் பணயம் வைக்கும் வேலை இது. எந்தச் சென்சார் என்பதை அவரிடம் உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; டிஸ்சார்ஜ் சென்சார் என்றால், சரியானது கிடைக்கும் வரை ஏசியை ஓட்ட வேண்டாம்.

ஆனால் அதே ரெசிஸ்டர், சில நிமிடச் சோதனைக்கு நல்ல கருவி என்பதையும் சொல்ல வேண்டும். பிழைக் குறி வரும் ஏசியில், சென்சாரைக் கழற்றிவிட்டு அதன் மதிப்புக்குச் சமமான ரெசிஸ்டரை இணைத்தால், போர்டு அதை 25 டிகிரி என்று படிக்க வேண்டும். குறி மறைந்தால் போர்டு நலம், குறை சென்சாரில். குறி மறையாவிட்டால் புதுச் சென்சார் வாங்குவதில் பயனில்லை. இணைப்பிலோ போர்டிலோதான் கோளாறு. அப்போதும் முழுப் போர்டையும் மாற்றும் முன் இணைப்பின் ஊசிகளில் பச்சை பிடித்திருக்கிறதா, எறும்பு கூடு கட்டியிருக்கிறதா, பல்லி சிக்கிக் கருகிக் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் ஊசிகள் அரித்துப்போவது சாதாரணம். சென்சார் வழியில் உள்ள சிறு கெப்பாசிட்டர் ஒன்று கசிந்தாலும் இதே அறிகுறி தோன்றும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் அதை மட்டும் மாற்றிப் போர்டை மீட்டுவிடுவார்.

இந்தச் சோதனைகளை உள் யூனிட்டில் எம்சிபியை இறக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியின் வெளி யூனிட்டை வீட்டில் இருப்பவர்கள் திறக்கவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தேங்கி நிற்கும்.

கேள்வி: ஏசி சில நாள் நன்றாகக் குளிர்விக்கிறது, சில நாள் சீக்கிரமே நின்றுவிடுகிறது. சென்சாரை அளந்து பார்த்ததில் குறையில்லை என்கிறார்கள். வேறு என்னவாக இருக்கும்?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் ரிமோட்டைப் பாருங்கள். சில ஏசிகளின் ரிமோட்டிலேயே ஒரு வெப்பநிலை சென்சார் இருக்கும். ‘ஐ ஃபீல்’, ‘ஃபாலோ மீ’ என்பது போன்ற பெயருள்ள பொத்தானை அழுத்திவிட்டால், ஏசி தன் ரூம் சென்சாரை ஒதுக்கிவிட்டு ரிமோட் அவ்வப்போது அனுப்பும் அளவை ஏற்றுக்கொள்ளும். குழந்தைகள் தெரியாமல் அழுத்தியிருக்கலாம். ஏசியின் காற்று நேரே படும் மேசையில் ரிமோட் கிடந்த நாளில் அது சீக்கிரமே நின்றிருக்கும். வெயில் விழும் சன்னலோரத்தில் கிடந்த நாளில் நிற்காமல் ஓடியிருக்கும். அந்த வசதியை அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அப்படியே நடந்தால், சென்சார் ஒயரை மெதுவாக அசைத்தபடி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். உள்ளே பாதி முறிந்த ஒயர், அசையாமல் இருக்கும்போது சரியான எண்ணையே காட்டும்.